நாய்க்கு ஆஸ்பத்திரிச் செலவு: சங்கத்துக்குக் கட்ட வைத்த பணத்தைத் தொடலாமா?

கேள்வி: வடுவூருக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் விவசாயம் பார்க்கிறேன். இரண்டு கறவை மாடு உண்டு, பால் சங்கத்துக்கு ஊற்றுகிறோம். எங்கள் நாய் கருவாயனுக்கு ஆறு வயது. நாட்டு நாய். வயலில் எலிக்குக் கிட்டி வைக்கப் போனால் கூடவே வந்துவிடும். போன வாரம் சாப்பாடு இறங்காமல், வாந்தி எடுத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் சேர்த்தோம். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்றார்கள். இன்று ஆறாவது நாள். இதுவரை 21,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். கொஞ்சம் தேறியிருக்கிறது, இன்னும் ஐந்தாறு நாள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஒரு நாளைக்கு 3,200 ரூபாய் ஆகிறது. கையிருப்பு தீர்ந்துவிட்டது.

குறுவை நெல் விற்ற பணம் 82,000 பேங்கில் இருக்கிறது. அது கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய 80,000 பயிர்க்கடனை இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் கட்ட வைத்தது. வட்டியில்லாக் கடன்தானே, கொஞ்சம் தள்ளிக் கட்டினால் என்ன என்று தோன்றுகிறது. ஊரில் ஒருவர் மூணு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். மனைவி தோட்டை அடகு வைக்கச் சொல்கிறாள், அவள் இருக்கும் மகளிர் குழுவிலும் கேட்கலாம் என்கிறாள். மகன், "நாய்க்குப் போய் இவ்வளவா" என்று சண்டை போடுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலே கை நடுங்குகிறது. அவர்கள் எதைச் சொன்னாலும் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மகனின் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நாய்க்கு இவ்வளவு செலவழிக்கலாமா என்பதை வட்டிக் கணக்கு வைத்துத் தீர்க்க முடியாது. ஆறு வருடம் உங்கள் வரப்பில் கூடவே நடந்தது கருவாயன், என்னோடு இல்லை. எந்தப் பணத்தை எடுப்பது, எவ்வளவோடு நிறுத்துவது, இந்த இரண்டில்தான் நான் உதவ முடியும்.

முதலில், சங்கத்துக்கு வைத்த 82,000-ஐத் தொடாதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது "வட்டியில்லாக் கடன்தானே" என்ற சொல்தான். அந்தக் கடனுக்கும் வட்டி உண்டு. தவணைக்குள் கட்டுகிறவருக்காக அரசாங்கம் அந்த வட்டியை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். தேதி தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். பயிர்க்கடனுக்குப் பொதுவாகச் சொல்லும் 7 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 80,000 ரூபாய்க்கு ஒரு வருடத்துக்கு 5,600 ரூபாய். தவணை தாண்டிய பிறகு சேர்வது தனி. உங்களுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 25,000. அதற்காக 5,600 கொடுப்பது எப்படிப்பட்ட வட்டி என்று பாருங்கள். அதே 25,000-ஐ மூணு வட்டிக்காரரிடம் வாங்கினால் மாதம் 750, சம்பா அறுப்பு வரைக்கும் நான்கு மாதம் என்றால் 3,000. வட்டியில்லாத பணம் என்று நீங்கள் நினைத்தது கந்துவட்டியைவிட அதிகமாகக் கடிக்கிறது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பழைய கடனைக் கட்டினால்தானே புதுக் கடன் கிடைக்கும்? சம்பா வயலில் நிற்கிறது, மேலுரம் போட வேண்டிய நேரம். சங்கத்துக் கடன் தடைபட்டால் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் எங்கே போவீர்கள்? கடைசியில் அந்த மூணு வட்டிக்காரர் வீட்டுத் திண்ணைக்குத்தான். நாயில் ஆரம்பித்த கடன் நெல்லில் போய் முடியும். டெல்டாவில் இந்தக் கதையை நான் பல வீட்டில் பார்த்திருக்கிறேன். நாய்க்குப் பதிலாக மாடு, கல்யாணம், காது குத்து என்று பெயர் மாறும், பாதை மட்டும் மாறாது. ஆகவே நாளைக் காலையிலேயே சங்கத்துக்குப் போய் 80,000-ஐக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். 28-ஆம் தேதி வரை அந்தப் பணம் கணக்கில் கிடந்தால், ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வரும்போது அது நிற்காது.

மூணு வட்டியும் வேண்டாம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் காதுக்குச் சின்னதாகக் கேட்கும், வருடத்துக்கு 36 சதவீதம். அதிலும் அசல் அப்படியே நிற்கும். தவறினால் மனிதர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் அதே ஊரில் குடியிருந்துகொண்டு எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. தோட்டை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள், தெருமுனை அடகுக்கடை வேண்டாம். வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 25,000-க்கு நான்கு மாதத்தில் 830 ரூபாய் சொச்சம். மதிப்பீட்டாளர் கட்டணம் கொஞ்சம் சேரும். தங்கம் இன்று விற்கிற விலைக்கு அரைப் பவுன் தோடே போதக்கூடும். கல் வைத்த தோடு என்றால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். கூடுதலாக எதையும் வைக்க வேண்டாம், தாலிச் சங்கிலியைக் கட்டாயம் வேண்டாம். கவுண்டரில், "இன்னும் 20,000 வரும், எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்டி குறைவு என்பதற்காக விவசாய நகைக்கடன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். இது வீட்டுச் செலவு, அப்படியே எழுதுங்கள்.

மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து ஒரு வட்டிக்குக் கிடைக்கிறது என்றால் அதுவும் மோசமில்லை. மாதம் 250, நான்கு மாதத்துக்கு 1,000. ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம். குழுப் பணம் என்றால் தவணை தவறும்போது பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மனைவி. பத்துப் பெண்கள் நடுவில், "நாய்க்கு வாங்கினாளாம்" என்ற பேச்சையும் அவர்தான் கேட்க வேண்டும். பேங்க் நகைக்கடனில் அந்தப் பேச்சு இல்லை. முடிவு அவருடையது, நீங்கள் வற்புறுத்தாதீர்கள். (வணிக வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு: அதன் வரம்பில் ஒரு 10 சதவீதத்தை வீட்டுச் செலவுக்கும் கணக்கிட்டிருப்பார்கள். அடகுக்குப் போவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.)

இனி, எவ்வளவோடு நிறுத்துவது. நாளைக்கு 3,200 வீதம் ஆறு நாளுக்கு 19,200. வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை, ஒன்றிரண்டு ரத்தப் பரிசோதனை, போக வர வண்டிச் செலவு என்று இன்னொரு 5,000 வையுங்கள். அங்கே இங்கே கொஞ்சம் கூடும். 25,000 என்று நான் சொன்னது இப்படித்தான். அந்த எண்ணை நீங்களும் மனைவியும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மகனைக் கட்டாயம் உட்கார வையுங்கள். பெரும்பாலும் இப்படிச் சண்டை போடுகிறவருக்கு நாய் மேல் கோபம் இருக்காது. இந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாததுதான் பயமாக இருக்கும். 25,000-க்கு மேல் இல்லை என்று தெரிந்தால் அவரே உங்களைப் பைக்கில் தஞ்சாவூர் கூட்டிப் போனாலும் ஆச்சரியமில்லை.

இதை நான் புத்தியால் மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் கிடந்தது. ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற நான், அந்த ஐந்து நாளும் ஒரு பில்லைக்கூட வாசிக்கவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே பரிசோதனைக்கு ஒரே நாளில் இரண்டு முறை காசு எழுதியிருந்தார்கள். திரும்பப் போய்க் கேட்க மனமில்லை. குட்டி பிழைத்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன், போனில் எதற்கும் சரி சொல்லாதீர்கள். "பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். உயிர் போகிற அவசரம் என்றால் அதை அவர்களே சொல்வார்கள். தினமும் சாயங்காலம் ஒரு நேரம் வைத்து நீங்களே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது பக்கத்தில் மனைவி ஒரு நோட்டில் எழுதட்டும். பயந்த மனதில் டாக்டர் சொன்னது பாதிதான் நிற்கும், அதுவும் கெட்ட பாதிதான் நிற்கும். கேட்க வேண்டியது அதிகமில்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) முதல் நாள் எவ்வளவு, இன்று எவ்வளவு? எவ்வளவுக்கு இறங்கினால் வீட்டுக்கு அனுப்புவீர்கள்? ரத்தப் பரிசோதனை தினமும் வேண்டுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா? இந்த மூன்றாவது கேள்வியிலேயே உங்களுக்கு ஓரிரண்டு ஆயிரம் மிச்சமாகலாம். பில்லை நாள்வாரியாகப் பிரித்து, அறை, டிரிப், மருந்து, பரிசோதனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாதியை இப்போதும் மீதியைப் பால் பணம் வந்த பிறகும் கட்டட்டுமா என்று கேட்பதிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. விவசாயிக்குப் பணம் எப்போது வரும் என்பது தஞ்சாவூர் டாக்டருக்குத் தெரியாததா?

கேட்கக் கஷ்டமான ஒரு கேள்வியும் உண்டு. அந்தக் கிரியேட்டினின் எண் இறங்காவிட்டால் அடுத்து என்ன? டயாலிசிஸ் என்ற பேச்சு வந்தால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை யோசிக்க வேண்டியிருக்கும். அது 25,000-க்குள் அடங்காது. அங்கே போவோமா, மாட்டோமா என்பதை அந்த நிலைமை வருவதற்கு முன், கருவாயன் தேறிக்கொண்டிருக்கும் இந்த நாளிலேயே பேசி வைத்துவிடுங்கள். மாட்டோம் என்று முடிவெடுத்தால் அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு வழியை நீங்கள் எழுதவே இல்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் ஆரம்பித்தது, உங்கள் ஊருக்குப் பக்கம்தான். அரசுக் கல்லூரி என்பதால் தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். நோயாளியை இப்போது இடம் மாற்றலாமா என்பதைத் தஞ்சாவூர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் இதுவரை எடுத்த ரிப்போர்ட்டையும் கொடுத்த மருந்து விவரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் ஒரத்தநாட்டுக்குப் போன் போட்டு அங்கே வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாற்ற முடியாவிட்டாலும், வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் பரிசோதனைகளையாவது அங்கே வைத்துக்கொள்ளலாம்.

தினமும் தஞ்சாவூர் போய் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கும் பஸ், டீ, விட்டுப்போன வேலை என்று ஒரு செலவு இருக்கிறது. ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் மனைவி என்று மாறி மாறிப் போங்கள். போகிறவர் கருவாயன் படுக்கும் பழைய சாக்கையோ உங்கள் துண்டையோ கொண்டுபோய், விட்டால் உள்ளே போட்டுவிட்டு வரட்டும். வீட்டு வாசனை பட்டால் நாய் கொஞ்சம் அடங்கும், கை பழகினவர் கொடுத்தால் சாப்பிடவும் செய்யும். டாக்டர் அனுமதித்தால் கஞ்சி கொண்டு போங்கள்.

இன்சூரன்ஸ் இப்போது உதவாது. வந்துவிட்ட நோய்க்கு எந்தக் கம்பெனியும் தராது. மாட்டுக்கு அரசு மானியத்தோடு வரும் காப்பீடு நாய்க்குக் கிடையாது, மனிதர்களின் மெடிக்கல் பாலிசியிலும் அதற்கு இடமில்லை. நாய்க்கென்று தனியார் பாலிசிகள் உண்டு, ஆனால் தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் அவற்றில் கிளெய்ம் வாங்குவது கஷ்டம். உங்கள் நிலைமைக்கு நான் பாலிசியைவிட ஊசியைத்தான் சொல்வேன். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது, வருடா வருடம் போட வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்குக் கட்டுவதில் ஒரு பகுதிதான் அதற்கு ஆகும். தோடு மீண்ட பிறகு பால் பணத்தில் மாதம் 300 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள், நாய்க்கும் மாட்டுக்கும் சேர்த்து. மாதாமாதம் கட்டும் தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்கு வேண்டாம், அது ஐந்து வருடத் திட்டம். நாய்க்குக் காய்ச்சல் முதிர்வுத் தேதி பார்த்து வராது.

கடைசியாக, என் துறை இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எலிக்காய்ச்சல் நாயின் மூத்திரத்திலிருந்து மனிதருக்கும் வரும். கருவாயன் வீட்டுக்கு வந்ததும் அது இருந்த இடத்தைக் கழுவுகிறவர் கையுறை போடட்டும், காலில் சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ இருந்தால் வேறு ஒருவர் கழுவட்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் நாய்க்கு இருந்த நோயை முதலிலேயே சொல்லுங்கள். அப்புறம், கிட்டியில் விழுகிற எலியை வரப்பில் போட்டுவிட்டு வராமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். அதைத் தேடிக்கொண்டுதானே உங்கள் பின்னாலேயே வருகிறது.