பொக்கெட் ரிவோல்வர்: கேட்டவர்களுக்கு என் பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் அக்கா வீட்டில் மூன்று கிழமையாக நிற்கிறேன். ஹூஸ்டனில் எனக்கு ஒரு சின்னப் பெற்றோல் கடை, இரவு பன்னிரண்டுக்குத்தான் பூட்டுவேன். சனி ஞாயிறுகளில் அங்கே ஒரு சுடுதிடலில் பாதுகாப்பு மேற்பார்வை வேலை, பதினொரு வருடமாக. வருவதற்கு முந்தின மாதம் ஒரு இலேசான .22 (குழல்விட்டம் 0.22 அங்குலம்) ரிவோல்வரை மூன்று நாள் சுட்டுச் சோதித்த கதையை இந்தப் பக்கத்தில் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து கேள்வி நிற்கவில்லை. துவக்கு டெக்சாஸில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம், இது விளம்பரம் இல்லை. எட்டு ரவை கொள்ளும், இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த குழல், அலுமினிய உடம்பு. சரி, வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடித் தம்பி: அண்ணா, உண்மையில் எவ்வளவு பாரம்? பொக்கெட்டில் போட்டால் தெரியுமா?

கடையில் வாங்குகிற பெரிய ரின்மீன் 425 கிராம். இந்த வகையில் ரூகர் கம்பெனியின் எல்சிஆர் .22 ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்மித் அன்ட் வெசன் 43சி அதைவிடக் குறைவு, 325 கிராம் அளவு. பொக்கெட்டில் பெரிதாகத் தெரியாது. ஆனால் பாரம் குறைந்தது நல்லது என்று எல்லோரும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. இந்த வகை ரிவோல்வரின் விசையை இழுக்க 5 கிலோ அளவு பலம் வேண்டும். 325 கிராம் சாமானை ஒரு கையில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஒற்றை விரலால் ஐந்து கிலோ அரிசிப் பையை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். விரல் இழுக்க இழுக்க முழுத் துவக்கும் கூடவே திரும்பும். முதல் நாள் 7 யாரில், அதாவது ஆறரை மீற்றர் தூரத்தில், நான் சுட்ட எட்டும் தாளின் இடப்பக்கம் கீழேதான் போய் விழுந்தன. நோக்குக்குறி சரியாகத்தான் இருந்தது, என் விரல்தான் பிழை.

அதைத் திருத்தும் வழி பழையது. ரவை போடும் எட்டு அறையில் மூன்றுக்கு, சுட்டு முடிந்த வெற்றுக்கோதைப் போட்டு, மற்ற ஐந்துக்கு ரவையைப் போட்டுவிட்டு, எங்கே போட்டோம் என்று தெரியாதபடி அந்த அறைகள் உள்ள சிலிண்டரைச் சுற்றி மூடவேண்டும். வெற்றுக்கோது வரும்போது சத்தமே வராது, குழல் நுனி மட்டும் குனியும். வெடியை எதிர்பார்த்து உங்கள் கை முன்கூட்டியே அமுக்கியதை நீங்களே கண்ணால் காண்பீர்கள். எனக்கு இது நிற்க இரண்டு நாள் பிடித்தது.

ஏறாவூர் நானா: .22 ரவை அடிக்கடி வெடிக்காமல் போகும் என்கிறார்களே?

நல்ல கேள்வி நானா, இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும். பெரிய ரவைகளில் தீப்பற்றும் மருந்து கோதின் நடுவில் தனிக் குப்பிக்குள் இருக்கும். .22இல் அது கோதின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், செய்யும்போது கோதைச் சுழற்றி மருந்தை விளிம்புக்குள் பரவ விடுவார்கள். எங்காவது ஒரு இடத்தில் பரவாமல் விட்டு, ஊசியும் சரியாக அந்த இடத்தில் குத்தினால் வெடிக்காது. விசை இவ்வளவு கடுமையாக இருப்பதற்கும் இது ஒரு காரணம், விளிம்பை நசுக்க நல்ல அடி தேவை.

நான் மலிவு விலைப் பெட்டி ரவையில் 500 சுட்டேன். ஏழு வெடிக்கவில்லை. ஏழையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் விளிம்பில் பள்ளம் ஆழமாகவே விழுந்திருந்தது, ஆகவே துவக்கின் அடியில் குறை இல்லை. அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டேன், ஐந்து வெடித்தன. ரிவோல்வரில் உள்ள நன்மை, வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். ஆனால் திடலில் பழகும்போது அப்படிச் செய்யாதீர்கள். குழலை இலக்கை நோக்கிப் பிடித்தபடியே முப்பது செக்கன் எண்ணுங்கள், பிந்தி வெடிக்கும் ரவையும் உண்டு.

இன்னொன்று, .22 மெக்னம் என்று ஒன்று இருக்கிறது, அதன் அறை கொஞ்சம் அகலம். சாதாரண .22 அதற்குள் போகும், ஆனால் கோது வெடித்துப் பிளந்துவிடக்கூடும். போடவே கூடாது. ஒரு செய்தி, ஸ்மித் அன்ட் வெசன் 1857இல் செய்த முதல் ரிவோல்வரே .22 விளிம்பு ரவைக்குத்தான், ஏழு அறை. இன்று நாம் சுடும் .22 லோங் றைபிள் ரவை வந்தது 1887இல். இவ்வளவு சின்ன ரவை இவ்வளவு காலம் நிலைத்ததை நினைக்க எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

காத்தான்குடி: .22 ஒரு ஆளை நிறுத்துமா?

அந்தக் கணக்குக்கு நான் வரமாட்டேன். என் மணிக்கட்டில் வாதம், .38இன் உதையில் ஐந்துக்குமேல் நேராகச் சுட முடியாது. அதனால் இது. எடுக்கத் தேவைப்படாமல் கடையைப் பூட்டி வீட்டுக்குப் போன இரவுகள்தான் எனக்கு நல்ல இரவுகள்.

செங்கலடி: இலங்கையில் இதை எங்கே வாங்கலாம், விலை என்ன?

வாங்க முடியாது தம்பி. ரிவோல்வர், பிஸ்டலுக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில். தற்காப்புக்கென்று அனுமதியோடு வைத்திருந்தவர்களிடமே 2024 நவம்பரில் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாத துவக்கை விலை கேட்கவும் போகாதீர்கள்.

அக்கரைப்பற்று: பொக்கெட்டுக்கே உறை எதற்கு? பொக்கெட்டே உறைதானே?

இல்லை, இல்லை. இந்த ஒரு விசயத்தை நான் எத்தனை தரமும் சொல்வேன். பொக்கெட்டுக்குள் துவக்கு இருந்தால் அந்தப் பொக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது, திறப்பு, சில்லறை, பேனை, ஒன்றும். விசையை மூடும் கெட்டியான உறைக்குள்தான் இருக்கவேண்டும். விசைக்கு யார் இழுக்கிறார்கள் என்று தெரியாது, திறப்புக் கொத்து இழுத்தாலும் வெடிக்கும். பின்னால் துருத்தும் சுத்தியல் இல்லாத, உள்ளே மூடியிருக்கும் வகையை எடுப்பதும் துணியில் கொளுவாமல் இருக்கத்தான். பொக்கெட்டிலிருந்து எடுத்துப் பழகுவது வெறுந்துவக்கில் மட்டும், ரவை வேறு அறையில் இருக்கவேண்டும். எங்கள் ஊரில் பன்றிக்கென்று நூல் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு செய்யும் வேலையும் இதேதான், விசையை இழுப்பது யாருடைய காலென்று அதற்குத் தெரியாது.

வெல்லாவெளி விவசாயி: கட்டுத்துவக்கை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? நீங்கள் அமெரிக்காவில் பொக்கெட்டில் வைத்துத் திரியலாம், நாங்கள் வேளாண்மையைக் காக்கக் கட்டினால் பிழையா? ஒரே இரவில் பன்றி அரை ஏக்கரைக் கிளறிப் போட்டால் யார் தருவது?

உங்கள் நட்டம் எனக்கு விளங்குகிறது ஐயா, எங்கள் வீட்டிலும் வயல் செய்தவர்கள்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது மாமாவின் எருமைப் பட்டி படுவான்கரைப் பக்கம் நின்றது. கன்று ஒன்று தப்பியதென்று தேடிப் போனோம். மாமா முன்னால், நான் நாலு எட்டுப் பின்னால். இரண்டு பற்றைக்கு நடுவில் தங்கூசி கட்டியிருந்தது, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, பன்றியின் நெஞ்சு உயரம். வெயிலில் அது கண்ணுக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டது, மாமா விழவில்லை, மெல்ல இருந்தார். சாரத்தில் ஒரு பொத்தல்கூட இல்லையே என்று நான் நினைத்தேன், பிறகுதான் துணி நனைந்து நிறம் மாறியது. உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு வந்தோம். கால் தப்பியது, முழங்கால் பிறகு மடங்கவே இல்லை. கோயிலில் எல்லோரும் இருக்க அவர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பார். அந்தத் துவக்கைக் கட்டியவர் மாமாவுக்கு வேண்டப்பட்டவர்தான், அடுத்த வட்டைக்காரர்.

சம்மாந்துறைக் காக்கா: தம்பி சொல்வது சரி. என்னிடம் அனுமதிப் பத்திரத்தோடு சொட்கன் இருக்கு, பரணில் இருந்து ஆளே காவல் பார்க்கிறோம். கட்டிவிட்டு வீட்டில் படுப்பது காவல் இல்லை.

காக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. பயிரைக் காக்க சொட்கன் அனுமதிக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில்தான் விண்ணப்பிக்கவேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும்.

மறுபடி வெல்லாவெளி: கச்சேரிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பன்றி காத்திருக்காது. பரணில் இருக்க ஆள் கூலி யார் கொடுப்பது?

ஐயா, கூலிக்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மையான கஷ்டம். நாலைந்து வயல்காரர் சேர்ந்து முறை வைத்துக் காவல் பார்த்தது என் சின்ன வயதில் நடந்தது, இன்றும் சில வட்டைகளில் நடக்கிறது. கட்டுத்துவக்கை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. விறகுக்குப் போகும் பெண், மாடு தேடும் பிள்ளை, தேன் எடுக்கப் போகிறவர், எல்லோரும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் நடக்கிறார்கள். பன்றிவெடியும் இதே கதைதான், பன்றிக்கென்று தீனிக்குள் வைப்பதை யானைக்குட்டி கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. நீங்கள் என்னோடு கோபித்தாலும் சரி, இன்றைக்கு எங்கேனும் கட்டியிருந்தால் இருட்டுமுன் போய் அவிழ்த்துவிடுங்கள்.

(இதற்குக் கீழே இன்னும் இருபது பேர் இரண்டு பக்கமும் நின்று பேசியிருக்கிறீர்கள். எல்லாம் வாசித்தேன். ரிவோல்வர் கேட்டவர்கள் காத்திருப்பதால் அதற்குத் திரும்புகிறேன்.)

வாழைச்சேனை: அண்ணை, லங்காவில் என்ன விலை போகும்?

செங்கலடிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

நிந்தவூர்: விலை?

மேலே இருக்கிறது.

கல்முனைத் தங்கச்சி: எனக்குச் சுடுவது விளையாட்டாகப் பழக ஆசை. ரிவோல்வரில் தொடங்கலாமா?

வேண்டாம் தங்கச்சி, அதைவிட நல்ல வழி இருக்கிறது. 10 மீற்றர் காற்றுத்துவக்குப் போட்டி ஒலிம்பிக்கில் உள்ளது, 4.5 மில்லிமீற்றர் குண்டு. நம் நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் காற்று றைபிளில் கலந்துகொண்டார். நாட்டில் இதற்குச் சங்கங்கள் உண்டு, அவர்கள் ஊடாகவே போங்கள். மூச்சு, நிலை, விசை மூன்றையும் அங்கேதான் ஒழுங்காகக் கற்றுத் தருவார்கள். உங்களைப் போல ஒரு பிள்ளை நம் பக்கத்திலிருந்து போனால் எனக்கு மிகச் சந்தோசம்.

கிரான்: கிணறு தோண்டும்போது துருப்பிடித்த துவக்கு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. துடைத்தால் வேலை செய்யுமா?

தொடாதீர்கள். படமும் எடுக்கப் போகாதீர்கள். தோண்டுவதை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தூரத்தில் ஒரு தடியில் துணியைக் கட்டி நட்டுவிட்டு கிராம சேவகருக்கோ 119க்கோ இப்போதே சொல்லுங்கள். அதன் பக்கத்தில் வேறு என்ன புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதுவரை மனம் ஆறாது.

ஆரையம்பதி மச்சான்: சுட்டபின் துப்பரவு எப்படி?

மச்சான், கோதைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கவேண்டும். இந்தச் சின்னத் துவக்கில் தள்ளுதடி கட்டை, கோது முழுதாக வெளியே வராது, உள்ளங்கையால் ஒரு அடி கொடுக்கவேண்டும். குழல் கீழே பார்த்தால் எரியாத மருந்துத் துகள் கோதைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் போய் இருந்துகொள்ளும், பிறகு சிலிண்டர் இறுகும். எனக்கு இருநூறாவது ரவையில் அப்படி இறுகியது, பழைய பல் பிரஷால் தட்டியதும் சரி. வெறுந்துவக்கில் விசை பழக அறைகளுக்குள் போட, சுவரில் ஆணி அடிக்கும் மஞ்சள் ரோல் பிளக் சரியாகப் பொருந்தும். சுட்டபின் ஈயக் கை, சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் மயிரிழை வெளி இருக்கிறது, அதால் சூடான வாயு பக்கவாட்டில் பாயும். விரலை அதற்கு முன்னால் கொண்டுபோகவே கூடாது.

பொத்துவில்: .22 தானே, காதுமூடி வேண்டுமா? நாங்கள் இரவுக் காவலில் யானைவெடி போடுகிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

வேண்டும். ரவை சின்னது, ஆனால் குட்டைக் குழலில் வெடிச்சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும், அந்த அளவில் ஒரே வெடியே காதைக் கெடுக்கப் போதும். நான் நுரைப்பஞ்சுச் செருகி உள்ளே, காதுமூடி மேலே, இரண்டும் போடுவேன். யானைவெடியைக் கைக்குக் கிட்ட வைத்துப் போடுகிறவர்களுக்கும் காதுதான் முதலில் போகும், போவது மெல்லத்தான் தெரியும். இரவில் தவளைச் சத்தம் முன்போலக் கேட்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். என் பயணப் பையில் காதுமூடி இரண்டு சோடி இருக்கிறது. வருகிற வியாழன் அக்கரைப்பற்றுக்கு வருகிறேன், காவலுக்குப் போகிற இரண்டு பேர் பஸ் நிலையத்துக்கு வந்தால் கையிலேயே தந்துவிடுகிறேன்.