கிட்டப்பார்வைக்கு ஃபிளாப் இல்லாத லேசர் சிகிச்சை சரியான வழியா?

கேட்டவருக்கு வயது 27, பவர் மைனஸ் 5. லேசிக்கில் கருவிழியை மடல் போல வெட்டித் திறப்பார்கள் என்று தெரிந்ததும் பயம் வந்துவிட்டது. அந்த மடலை, அதாவது ஃபிளாப்பை, எடுக்காமலே செய்யும் முறை இருக்கிறதாமே, அதை நம்பிச் செய்துகொள்ளலாமா, வலிக்குமா என்பது கேள்வி.

நான் செய்துகொண்டு ஆறு வருடமாகிறது. எனக்கு அடுத்த வருடம் என் தங்கையும் செய்துகொண்டாள். எங்கள் இருவருக்குமே ஃபிளாப் எடுக்கவில்லை. ஆனால் இருவருக்கும் நடந்தது ஒரே சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிளாப் இல்லாத முறை என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலத்தை. அது நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான், அதாவது 540 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அதன் மேல்தோல் 50 மைக்ரான். அது கீறினாலும் உரிந்தாலும் சில நாளில் தானாக வளர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் தடித்த பகுதி அப்படி வளராது, எடுத்தால் எடுத்ததுதான். கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண் கொஞ்சம் நீண்டிருக்கும், அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். எந்த லேசர் முறையானாலும் இந்தத் தடித்த பகுதியின் நடுவில் கொஞ்சம் எடுத்து, கருவிழியின் வளைவைத் தட்டையாக்குகிறார்கள். அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

லேசிக்கில் 100 முதல் 120 மைக்ரான் ஆழத்தில் ஒரு மடலை வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி விட்டுத் திறந்து, உள்ளே லேசர் அடித்து, மறுபடி மூடுவார்கள். மடல் நன்றாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் வெட்டுவதற்கு முன்பிருந்த பலம் அதற்குத் திரும்ப வராது. வழியில் இருக்கும் நரம்புகளும் வெட்டுப்படும். லேசிக் செய்தவர்களுக்கு முதல் சில மாதம் கண் வறட்சி அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபிளாப் இல்லாததில் முதல் வழி பி.ஆர்.கே. மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு, எக்சைமர் என்ற புற ஊதா லேசரை நேராக அடிப்பது. இதைப் புது முறை போலப் பலர் பேசுகிறார்கள், உண்மையில் இது லேசிக்கைவிடப் பழையது. அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. இதன் மூலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு வேதியியலாளர் இருக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ரங்கசாமி சீனிவாசன் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, 1981இல் தன் சக ஆய்வாளர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகியோருடன், எக்சைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் துல்லியமாகச் செதுக்குகிறது என்று கண்டுபிடித்தார். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். என் கண்ணில் பட்டதும் அதே வகை ஒளிதான், அலைநீளம் 193 நானோமீட்டர்.

இரண்டாவது வழி ஸ்மைல். இதில் மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழிக்கு உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வரைந்து பிரித்துவிடும். பக்கத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்ன வெட்டு, அதன் வழியாக மருத்துவர் அந்த வில்லையைக் கையால் உருவி எடுப்பார். அமெரிக்காவில் இதற்கு 2016இல்தான் அனுமதி வந்தது.

எனக்குப் பவர் மைனஸ் 5.5, கருவிழித் தடிமன் 485 மைக்ரான்தான். நான் ஸ்மைல் செய்துகொள்ளும் ஆசையோடு போனேன். மருத்துவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் போகும், அப்படியானால் எனக்கு 77. பி.ஆர்.கே. என்றால் மேல்தோல் 50 சேர்த்தாலும் அடியில் 358 மைக்ரான் தொடப்படாமல் நிற்கும். லேசிக்கில் மடலும் சேர்வதால் 300ஐ ஒட்டி இறங்கிவிடும். ஸ்மைலில் வில்லைக்கு மேலே நிற்கும் பகுதியான மேல்மூடி 120 மைக்ரான், உருவும் வில்லையும் லேசர் செதுக்குவதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும் என்பதால், மிச்சம் 250ஐ ஒட்டி வந்து நின்றது. அதற்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான எல்லை. ஃபிளாப் இல்லை என்றால் திசு குறைவாகத்தான் போகும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தப்பு. ஸ்மைலில் மேல்பகுதியின் இழைகள் பெரும்பாலும் வெட்டுப்படாமல் இருப்பது நல்ல விஷயம்தான், ஆனால் மெல்லிய கருவிழிக்கு அது மட்டும் போதாது. அதனால் நான் பி.ஆர்.கே. செய்துகொண்டேன்.

தங்கைக்குப் பவர் மைனஸ் 4, தடிமன் 550. அவளுக்கு ஸ்மைல் தாராளமாகப் பொருந்தியது.

சரி, வலி. சிகிச்சை நேரத்தில் இல்லவே இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் ஒரு கம்பி மாட்டி, நீர்த்த ஆல்கஹாலால் மேல்தோலைத் தளர்த்தி ஒதுக்கினார்கள். பச்சை விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். லேசர் அரை நிமிடம்கூட ஓடவில்லை. முடி கருகுவது போல ஒரு வாடை வரும், பயப்படாதீர்கள். பிறகு தழும்பு மங்கல் வராமல் இருக்க மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவி, பேண்டேஜ் லென்ஸ் போட்டு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் வரை சுகமாக இருந்தேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கஷ்டம். வெங்காயம் அரிந்த கையால் கண்ணைத் தேய்த்தது போல எரிச்சல், ஓயாத கண்ணீர், ஜன்னல் திரையின் இடுக்கில் வரும் வெளிச்சம்கூடத் தாங்கவில்லை. அம்மாதான் சொட்டு மருந்து விட்டு, சாப்பாட்டைக் கையில் கொடுத்தார். ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தார்கள், எரிச்சல் போய்விட்டது, ஆனால் பார்வை தெளியவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரிந்தது. கணினியில் வசதியாக வேலை செய்ய இரண்டு வாரம், இரவில் தூரப் பலகைகளைக் கூர்மையாகப் படிக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, ஸ்டீராய்டு சொட்டு மருந்து, அந்த மருந்தால் கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பரிசோதனை. பி.ஆர்.கே. செய்துகொள்வதென்றால் வேலையிலிருந்து குறைந்தது ஒரு வாரம் விடுப்பு எடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

தங்கை மறுநாள் காலையிலேயே கடிகாரத்தைப் படித்தாள். நான்காம் நாள் வேலைக்குப் போனாள். அவளுக்குச் சிரமமாக இருந்தது லேசர் ஓடும் அந்த அரை நிமிடம்தான். கண்ணை உறிஞ்சிப் பிடித்திருக்கும் கருவி நழுவாமல் அசையாமல் இருக்க வேண்டும், நழுவினால் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கும். இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள்: ஸ்மைலுக்குப் பிறகு கொஞ்சம் பவர் மிச்சமிருந்தால், திரும்ப அதே வழியில் திருத்துவது சுலபமில்லை. பெரும்பாலும் மேற்பரப்பில் லேசர் அடித்தோ, மேல்மூடியை மடலாக மாற்றியோதான் சரிசெய்வார்கள்.

குத்துச்சண்டை, மல்யுத்தம் போல முகத்தில் அடிபடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கு ஃபிளாப் இல்லாத முறைகளையே பரிந்துரைப்பார்கள். பல வருடம் கழித்தும் பலமான அடியில் மடல் விலகிய சம்பவங்கள் உண்டு.

இனி நான் ரொம்ப அக்கறையோடு சொல்ல விரும்புவது. கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய், அதாவது கெரட்டோகோனஸ், ஆரம்ப நிலையில் இருந்தால் லேசர் அதைக் கிளப்பிவிடலாம். மடல் வெட்டவில்லை என்பதால் இந்த ஆபத்து இல்லாமல் போய்விடாது. கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் வரைபடமும் எடுக்காமல் தேதி குறிக்கும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கமோ, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோயோ இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் காண்டாக்ட் லென்ஸை நிறுத்த வேண்டும், மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டியானது என்றால் இன்னும் அதிகம். இல்லையென்றால் அளவே தப்பாக வரும். ஒரு வருடமாகப் பவர் மாறாமல் இருக்கிறதா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் வேண்டாம்.

உங்கள் மைனஸ் 5க்கு ஸ்மைலா பி.ஆர்.கே.யா என்று நான் சொல்ல முடியாது, உங்கள் கருவிழித் தடிமனை நீங்கள் எழுதவில்லை. அந்த எண்ணையும் வரைபடத்தையும் கையில் வாங்கிக்கொண்டு, சிகிச்சைக்குப் பிறகு எத்தனை மைக்ரான் மிஞ்சும் என்று கேளுங்கள். தடிமன் குறைவு, பவர் அதிகம் என்றால் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழியும் இருக்கிறது.

எனக்கு இப்போது கண்ணாடி இல்லாமல் தூரம் நன்றாகத் தெரிகிறது. மழை இரவில் விளக்குகளைச் சுற்றி லேசான வளையம் தெரியும், அது எனக்குப் பழகிவிட்டது. நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், முன்பு போலக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் படிக்கும் வசதியும் போய்விட்டது. அப்புறம், லேசர் கருவிழியை மட்டும்தான் மாற்றியது. கண் உள்ளே அதே நீளத்தோடுதான் இருக்கிறது, கிட்டப்பார்வைக்காரர்களுக்கு விழித்திரை விலகும் அபாயமும் அப்படியே இருக்கிறது. வருடம் ஒருமுறை கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்கிறேன். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, புள்ளிகள் கூட்டமாக மிதப்பது போலவோ, ஒரு ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள், மறுநாள் வரை பார்க்காதீர்கள்.