முதல் நாள் ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும் பற்றியவை. காய்ச்சல் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதியவர்கள் இரண்டே பேர். எனக்கு மட்டுமல்ல, உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் அதுதான் முதலில் வேண்டும். கலண்டரில் குறித்து வையுங்கள்.

வைரசுக் காய்ச்சலுக்கு இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வரவேண்டுமா? (தலவாக்கலை)

வேண்டாம். வெறும் வயிறு சீனிக்கும் கொழுப்புக்கும்தான். காய்ச்சல்காரர் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் நரம்பும் இலேசாகக் கிடைக்கும்.

எனது ரிப்போர்ட்டில் ஐ.ஜீ.ஜீ. பொசிட்டிவ். எனக்கு டெங்குவா? (கண்டி)

வயது எழுதவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்றுகூட எழுதவில்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யார் பதில் சொல்வது? ஐ.ஜீ.ஜீ. என்பது டெங்குவை எதிர்க்க உடல் உண்டாக்கி, நீண்ட காலம் வைத்திருக்கும் எதிர்ப்புப் பொருள். அது மட்டும் பொசிட்டிவ் என்றால் எப்போதோ டெங்கு வந்துபோயிருக்கலாம். இப்போது காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தால் இது இரண்டாவது தொற்றாகவும் இருக்கலாம். அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல் இருந்தால் இன்றே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வந்தான். வந்த மறுநாள் காய்ச்சல். அன்றே டவுனில் டெங்கு பார்த்தோம், நெகட்டிவ். மூன்றாம் நாள் மறுபடியும் இரத்தம் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். இந்தக் குளிரில் டெங்கு வருமா? வீண் செலவுதானே? (மஸ்கெலியா)

வீண் செலவு அல்ல. சரியாகச் சொன்ன டாக்டரைச் சந்தேகப்படுகிறீர்கள், முதல் நாள் தாளை நம்புகிறீர்கள். இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன், இன்னமும் சொல்வேன்.

மேல்மலையில் நுளம்பு குறைவுதான். ஆனால் உங்கள் மகனைக் கடித்தது கொழும்பு நுளம்பாக இருக்கலாம். கடித்து நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும், அதற்குள் பிள்ளை ஊர் வந்து சேர்ந்துவிடுவான்.

முதல் நாட்களில் டெங்குவுக்குப் பார்க்கும் என்.எஸ்.1 பரிசோதனை வைரசின் ஒரு புரதத்தைத் தேடுகிறது. பொசிட்டிவ் என்றால் டெங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு அது தவறிப்போவது இன்னும் அதிகம். ஐந்து நாள் போனால் அந்தப் புரதம் குறையத் தொடங்கும், பிறகு புதிய தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜீ.எம். பார்க்கவேண்டும். முழு இரத்தக் கணக்கும் முதல் நாளில் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். வெள்ளணுவும், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லட்டும் இறங்குவது மூன்றாம் நாளளவில்தான் தெரியவரும்.

2017இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 1,86,000 பேருக்கு டெங்கு. அந்த வருடம் ஒரு மாலை எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு தோட்டத்துப் பையனின் இரத்தம் வந்தது. பிளேட்லட் முப்பதாயிரத்துக்குக் கீழே, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் பி.சி.வி. 54க்கு ஏறியிருந்தது. அவன் தாயார் நான்காய் மடித்த ஒரு தாளை நீட்டினார். ஐந்து நாளுக்கு முன் ஒரு தனியார் ஆய்வுகூடம் கொடுத்த ‘நெகட்டிவ்’. இரத்தம் எங்களிடம் வந்த அன்று காலை காய்ச்சல் விட்டதும், பிள்ளை தேறிவிட்டான் என்று அவர் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். காய்ச்சல் விடும் அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆளைக் கொண்டுபோகும். பையன் பிழைத்தான். ‘மூன்றாம் நாள் மீண்டும் பாருங்கள்’ என்று அந்தத் தாளில் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அவன் அந்த நிலைக்கு வந்திருக்கமாட்டான். அந்த ஒரு வரியை அச்சடிக்க ஆய்வுகூடத்துக்கு என்ன செலவு? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் அரைப் பேர்கூட (அரை நாள் சம்பளம்) கிடைக்காது, பஸ் செலவு வேறு என்பது எனக்குத் தெரியும். ஒரே தடவைதான் வரமுடியும் என்றால் முதல் நாளை விட்டுவிட்டு மூன்றாம் நாளில் வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. ஆனால் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதல் நாளிலேயே வரவேண்டும். அதுவரை பனடோல் மட்டும். டைக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

பிளேட்லட் 1,20,000. பப்பாசி இலைச்சாறு கொடுக்கலாமா? (பண்டாரவளை)

எல்லோரும் பிளேட்லட்டைக் கேட்கிறீர்கள், பக்கத்திலேயே இருக்கும் பி.சி.வி.யைப் பார்ப்பதில்லை. அது ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். இலைச்சாற்றை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அது வாந்தியைக் கிளப்பினால் உள்ள நீரும் போகும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் அளவில் கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்) கொடுங்கள். சாயத்தண்ணீரும் சிவப்புப் பானங்களும் வேண்டாம். வாந்தியில் இரத்தம் கலந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். பிளேட்லட் ஒரு இலட்சத்துக்கு இறங்கினால் வார்ட்டில் சேருங்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். டைக்ளோபெனக் குளிசையும் வேண்டாம், பின்வழியாக வைப்பதும் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்.

கர்ப்பிணி கிளினிக்கில் என் மருமகளுக்கு எச்.ஐ.வி. பார்த்தார்களாம். எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள்? (இராகலை)

எதுவும் நினைக்கவில்லை அம்மா. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை ஏற்றுக்கொண்டது இப்படி எல்லோருக்கும் பார்த்ததால்தான். மருமகளை அடுத்த கிளினிக்குக்கும் தவறாமல் அனுப்புங்கள்.

திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பார்க்க விரும்புகிறேன். ஊரில் தெரிந்துவிடுமோ என்று பயம். (பதுளை)

நல்ல முடிவு, தம்பி. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரே போகலாம். வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை, விபரம் வெளியே போகாது. பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் இருக்கிறது. இங்கும் நாள் கணக்கு முக்கியம்: பயப்படும்படி ஏதும் நடந்திருந்தால், அதற்கு மூன்று மாதத்துக்குப் பின் வரும் நெகட்டிவ்தான் முடிவானது.

நாய் கடித்து இரண்டு நாள். விசர் ஏறியிருக்கிறதா என்று எந்த இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம்? (வெலிமடை)

எதிலும் பார்க்க முடியாது. கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமா இது? காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். அறிகுறி தொடங்கிய பின் மருந்து கிடையாது. இதை வாசிக்கும்போதும் நீங்கள் போகவில்லை என்றால் இப்போதே புறப்படுங்கள். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், கட்டிவைத்து 14 நாள் பார்க்கவேண்டும். ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை வைத்தியர் சொல்லட்டும்.