சில்லறையில் வந்த ப்ரூஃப் காசு: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் துணி துவைக்கும் மெஷினுக்குக் குவார்ட்டர் போட வேண்டும். அதற்காக வங்கியில் குவார்ட்டர் சுருள்கள் வாங்கி வைப்பேன். போன மாதம் வந்த சுருளில் மூன்று காசுகள் மட்டும் தனியாக மின்னின. மூன்றிலும் ‘எஸ்’ என்ற எழுத்து இருக்கிறது. ஒன்று 1976, ஒன்று 1983, இன்னொன்று 1999இல் எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தின் பெயரில் வந்த குவார்ட்டர். தேடிப் பார்த்ததில், சேகரிப்பவர்களுக்காகத் தனியாக அடிக்கும் ப்ரூஃப் காசுகள் என்று தெரிந்தது. ஆனால் நிறைய கீறல். பல கை மாறியிருக்கும் போல. “இருபத்தைந்து சென்ட்தானே, மெஷினில் போடு” என்கிறார் கணவர். யூடியூபிலோ 1975ஆம் ஆண்டு டைம் (பத்து சென்ட் காசு) ஒன்று ஐந்து லட்சம் டாலருக்குப் போனதாகச் சொல்கிறார்கள். எழுத்தே இல்லாத 1975 டைம் எங்களிடமும் இருக்கிறது! இவற்றை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? புளி போட்டுத் தேய்த்தால் பழைய பளபளப்பு திரும்புமா?

அப்புறம் ஒரு விஷயம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ரூபாய் நாணயத்தை அப்பா வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்துப் பூஜை அறையில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைக்கிறார். அதுவும் கெட்டுப்போயிருக்குமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதலில் புளியைக் கீழே வையுங்கள். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

ப்ரூஃப் காசைச் செய்யும் முறையே வேறு. காசாகப் போகும் உலோக வட்டையும் அச்சையும் மெருகேற்றிவிட்டு, கூடுதல் அழுத்தத்தில் குறைந்தது இரண்டு முறை அடிப்பார்கள். அதனால்தான் காசில் உருவம் இல்லாத இடம் கண்ணாடி மாதிரியும் பொறித்த உருவம் வெண்பனி படிந்த மாதிரியும் தெரிகிறது. செலவழிப்பதற்காக அதை யாரும் வாங்குவதில்லை. சேகரிப்பவர்கள் அந்தக் கண்ணாடிப் பரப்புக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அதில் கீறல் விழுந்துவிட்டால் அவர்களுக்குக் காசு பாழானதுதான். சாதாரண நாணயம் தேயத் தேய விலை படிப்படியாக இறங்கும். ப்ரூஃப் அப்படியில்லை, முதல் வாரச் சில்லறைப் புழக்கத்திலேயே தடாலென்று விழுந்துவிடும். 70 வரை போகும் அமெரிக்கத் தர அளவுகோலில் 60க்குக் கீழே வந்த ப்ரூஃபைச் சேதமானது என்றே ஒதுக்குகிறார்கள்.

உங்கள் கைக்கு அது எப்படி வந்தது என்பது எனக்கு விலையைவிட சுவாரசியமான விஷயம். அந்தந்த வருடக் காசுகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து விற்கும் ப்ரூஃப் தொகுப்புகள் 1968இலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் தயாராகின்றன. ‘எஸ்’ அந்த ஊரின் எழுத்து. 1980இல் ஒரு தொகுப்பின் விலை 10 டாலர். உள்ளே இருந்த காசுகளின் மொத்த முகமதிப்பு 1 டாலர் 91 சென்ட். நாளைக்கு ஏறும் என்று நம்பி லட்சக்கணக்கானோர் வாங்கிப் பரணில் போட்டார்கள். ஏறவில்லை. இன்று காசுக் கடையில் அந்தத் தொகுப்புக்குப் பழைய பத்து டாலர்கூடக் கிடைப்பது கஷ்டம். தாத்தா போன பிறகு பேரன் பிளாஸ்டிக்கை உடைத்துச் சில்லறையாக வங்கியில் கொட்டுகிறான். அவன் மேலும் தப்பில்லை.

எண்ணிக்கையும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 1976 குவார்ட்டரில் செம்பு நிக்கல் ப்ரூஃப் மட்டும் 70 லட்சத்துக்கு மேல். 1983இல் 32 லட்சத்துக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் உறை பிரியாமல் இருக்கும்போது, கீறல் விழுந்ததை யார் வாங்குவார்? 1983ஐ உங்கள் கணவர் சொன்னபடி மெஷினில் போடலாம். காசுக்குத் தரம் போட்டுத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பினால் கட்டணமே காசின் விலையை விழுங்கிவிடும். இணையத்தில் தனியாக விற்றால் தபால் செலவுக்கே சரியாகிவிடும்.

மற்ற இரண்டில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1999இல் நியூ ஜெர்சி காசைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டு விதமாக அடித்தார்கள். செம்பு நிக்கல் ப்ரூஃப் சுமார் 37 லட்சம், 90 சதவீத வெள்ளியில் சுமார் 8 லட்சம். முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விளிம்பைப் பாருங்கள். செம்பு நிறக் கோடு ஓடினால் சாதாரணம். முழுக்க வெள்ளையாக இருந்தால் வெள்ளி. சந்தேகமாக இருந்தால் நகைத் தராசில் வையுங்கள். வெள்ளி 6.25 கிராம், மற்றது 5.67 கிராம். 1976இல் 40 சதவீத வெள்ளியிலும் ப்ரூஃப் வந்தது. அது 5.75 கிராம்தான் என்பதால் சமையலறைத் தராசு உதவாது, விளிம்பை நம்புங்கள். வெள்ளியாக இருந்துவிட்டால் கீறல் ஒரு பொருட்டே இல்லை. எடைக்கு வாங்குபவர் காசின் அழகைப் பார்ப்பதில்லை. 90 சதவீதக் காசில் ஐந்தரை கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது. அப்படி இருந்தால் விற்க அவசரப்பட மாட்டேன். ஒற்றைக் காசை விற்கக் கடைக்கு வண்டி எடுத்துப் போவது வெட்டி அலைச்சல். நாலு சேரட்டும்.

எல்லாத் தேய்ந்த ப்ரூஃபும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 1895ஆம் ஆண்டு மோர்கன் (வடிவமைத்தவர் பெயர்) வெள்ளி டாலர் இருக்கிறதே, பிலடெல்பியா நாணயச்சாலையில் அதைப் புழக்கத்துக்காக 12,000 அடித்ததாகப் பதிவேடு சொல்கிறது. ஆனால் அப்படி உறுதியான ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. கிடைப்பதெல்லாம் அந்த வருடத்தின் 880 ப்ரூஃப் காசுகளில் மிஞ்சியவைதான். மோர்கன் வரிசையை முழுமையாக்க நினைப்பவர் அத்தனை பேரும் அவற்றில் ஒன்றுக்குத்தான் போட்டி போட வேண்டும். யாரோ சட்டைப்பையில் போட்டுச் சுற்றி மழுங்கடித்த காசுகூடப் பல்லாயிரம் டாலருக்குப் போகிறது. நல்ல நிலையில் உள்ளதன் விலை எட்டாதவர்களுக்கு இந்தத் தேய்ந்த காசுதான் வழி. ஆசிய வணிகத்துக்காகத் தொடங்கிய டிரேட் டாலர் என்ற வெள்ளிக் காசில், 1879 முதல் 1883 வரையிலானவையும் இந்த வகைதான். சேகரிப்பவர்களுக்காக மட்டும் அடித்தவை அவை. ஆக, தேய்மானத்தைப் பார்க்கும் முன், அதே வருடத்தில் அதே காசு சாதாரணமாகவும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, யூடியூப் டைம். செய்தி உண்மைதான். 1975இல் ப்ரூஃப் டைம் அடித்தபோது ‘எஸ்’ எழுத்து இல்லாத அச்சு ஒன்று நுழைந்துவிட்டது. அப்படிப்பட்ட காசு இரண்டுதான் தெரியவந்திருக்கிறது. ஒஹாயோவைச் சேர்ந்த மூன்று சகோதரிகளுக்கு வந்த காசு, நாற்பது வருடத்துக்கு மேல் வங்கி லாக்கரில் கிடந்துவிட்டு, 2024இல் 5 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது இதுதான்: 1980க்கு முன் பிலடெல்பியா டைம்களில் எழுத்தே கிடையாது. 1975இல் மட்டும் அங்கே 58 கோடிக்கு மேல் அடித்தார்கள். உங்களிடம் இருப்பது அந்த 58 கோடியில் ஒன்று. 1983 டைமில் எழுத்து இல்லாவிட்டால் அது வேறு கதை. அதற்குள் பிலடெல்பியாவும் ‘பி’ போடத் தொடங்கிவிட்டது. எழுத்தில்லாமல், கண்ணாடி மாதிரி 1983 டைம் வந்தால் அது ப்ரூஃபில் நேர்ந்த பிழை. சில நூறு டாலர் பெறும். சில்லறையில் டைம் வந்தால் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

புளிக்கு வருகிறேன். குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு எமன். புளிப்பு மேற்பரப்பை அரித்துவிடும், தேய்ப்பதால் மெல்லிய கீறல்கள் கூடும். வெறும் துணியால்கூடத் துடைக்க வேண்டாம்.

அப்பாவின் நாணயம் 2010ஆம் ஆண்டு பொறித்தது, பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக. 35 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி, அதாவது 28 கிராம். பெட்டியையும் பளபளப்பையும் எதிர்பார்க்கும் சேகரிப்பாளர் குங்குமம் பட்டதற்கு விலையைக் குறைப்பார், வெள்ளி குறையாது. அதை விற்கும் யோசனை அப்பாவுக்கு இருப்பதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. குங்குமம் வைக்கட்டும், விடுங்கள். வெள்ளிச் சாமான் பவுடர் போட்டுத் துலக்க வேண்டாம் என்று மட்டும் போனில் சொல்லிவிடுங்கள்.

அந்த 1976, 1999 காசுகளின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.