பட்டியல் கண்துடைப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொண்டன என்று ஒவ்வொரு புத்தாண்டுக்கும் செய்தி வருகிறது. ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டே பட்டியல் கொடுப்பது கண்துடைப்பு இல்லையா? ஆயுதப் போட்டியை நிறுத்தாமல் அமைதி எப்படி வரும்?

க., திருச்சி

அன்புள்ள க.,

கண்துடைப்பு இல்லை, அமைதிப் பேச்சும் இல்லை. 1981இல் ஈராக்கின் அணுஉலையை இஸ்ரேல் விமானங்கள் குண்டு வீசி அழித்தன. அடுத்தது கஹுதாவில் இருக்கும் தங்கள் யுரேனியம் செறிவூட்டும் ஆலைதானோ என்று பாகிஸ்தானுக்குக் கவலை. அந்தக் கவலைக்குப் பதிலாக 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத் போயிருந்தபோது கையெழுத்தானதுதான் இந்த ஒப்பந்தம்: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது. எதைத் தாக்கக் கூடாது என்பதற்கு இடம் தெரிய வேண்டுமே! ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியல் போகிறது. அணுஉலை, யுரேனியம் செறிவூட்டும் ஆலை, எரிந்த எரிபொருளைப் பதப்படுத்தும் ஆலை எல்லாம் அந்த வரையறைக்குள் வரும். நம் கல்பாக்கமும் கூடங்குளமும் அந்த வகைதான். முதல் பட்டியல் 1992 ஜனவரி 1 அன்று கைமாறியது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இரு படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்ற 2002 புத்தாண்டிலும் அது நிற்கவில்லை.

போட்டியை முதலில் நிறுத்து என்கிறீர்கள். யாருக்கும் யாருக்கும் இடையே? டெல்லி சீனாவைப் பார்த்து 5,000 கி.மீ. தாண்டும் அக்னி-5ஐச் செய்கிறது. இஸ்லாமாபாத் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இந்தியத் தரைப்படை திடீரென எல்லை தாண்டினால் தடுக்க என்று 2011இல் பாகிஸ்தான் 60 கி.மீ. போகும், அணுகுண்டு சுமக்கக்கூடிய நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தது. இந்தக் குட்டி ஆயுதம்தான் எனக்கு அதிகப் பயம் தருவது. இவ்வளவு குறைந்த தூரம் போவதைச் சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எதிரி நெருங்கினால் சுடு, இல்லாவிட்டால் இழந்துவிடு என்ற நெருக்கடி அங்கே நிற்கும் அதிகாரியின் தலையில் விழும். மூன்று நாடுகள் பின்னிய கணக்கை இரண்டு பேர் உட்கார்ந்து தீர்க்க முடியாது.

அதனால் நான் பார்ப்பது இருவருக்கும் இடையே உள்ள இன்னோர் ஒப்பந்தத்தின் ஓட்டையை. அந்த 2005 ஒப்பந்தப்படி ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள் இருக்கக் கூடாது. ஆனால் இது மேலே எழும்பி வில்போல் வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். விமானம்போலப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணை அதில் இல்லை.

அந்த ஒரு சொல் விட்டுப்போனதன் பொருள் 2022 மார்ச் 9 அன்று தெரிந்தது. பராமரிப்பு வேலையின்போது தவறிப் பாய்ந்த இந்தியாவின் பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானுக்குள் 124 கி.மீ. பறந்து மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. டெல்லி பகிரங்கமாக ஒப்புக்கொண்டது மார்ச் 11 அன்று. 2007இல் போட்ட விபத்து ஒப்பந்தமும் அணு ஆயுத விபத்துக்குத்தான், இதற்குப் பொருந்தாது. பாகிஸ்தான் ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது வெறும் குழாயா, குண்டோடு வருகிறதா என்று தெரிய வழியே இல்லை.

தொலைபேசி இருக்கத்தான் செய்கிறது. இரு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கும் இடையே நேரடி ஹாட்லைன் உண்டு. 2025 மே 10 பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் தரப்பு அழைத்தது. மாலை 5 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்று முடிவானது. நான்கு நாள் சண்டைக்குப் பிறகு வேலை செய்த போன், 2022இல் தவறிப் பாய்ந்த ஏவுகணைக்கு உடனே எடுக்கப்படவில்லை என்பதுதான் பாகிஸ்தானின் புகார்.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991 முதல் ஒருவர் அணுக்கூடத்தை மற்றவர் ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்க்க விடுகிறார்கள். அவர்களிடம் குண்டு இல்லை, எல்லைத் தகராறும் இல்லை. இங்கே அதை எதிர்பார்ப்பது வீண். இங்கே கேட்கக்கூடியது சின்னது: 2005 ஒப்பந்தத்தில் குரூஸ் ஏவுகணையையும் சேர்ப்பது, தவறி எது எல்லை தாண்டினாலும் அது தரையில் விழுவதற்குள் ஹாட்லைனில் சொல்வது. இரண்டுக்கும் யாரும் ஒரு ஏவுகணையைக்கூட உடைக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்குச் சீனாவைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.