கைடு கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

கேள்வி: ஹெச்இக்யூ5 மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தோடு சேர்த்துத் திருப்பும் கருவி), 420 மி.மீ. குவியத்தூரமுள்ள 72 மி.மீ. தொலைநோக்கி, டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்து தர்மபுரிக்கு வெளியே நெபுலா படம் எடுத்து வருகிறேன். 2 நிமிட எக்ஸ்போஷரிலேயே நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன. கைடு கேமரா வாங்கப் போனால், கடைக்காரர் 8 மெகாபிக்சல் கலர் கேமராவைக் காட்டி, ‘இதிலேயே வியாழன், சனியும் எடுக்கலாம்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1.2 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளை கைடு கேமராவும் அதை மாட்ட 30 மி.மீ. கைடு ஸ்கோப் என்ற சிறு தொலைநோக்கியும் உங்களுக்குத் தாராளம்.

கைடு கேமராவின் வேலை படம் எடுப்பது அல்ல. வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) நகர்கிறது, மவுண்ட் அதே வேகத்தில் பின்தொடர வேண்டும். மவுண்டுக்குள் இருக்கும் திருகுப் பல்சக்கரத்தை எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் சிறு கோணல் இருக்கும். ஹெச்இக்யூ5-இல் அந்தத் திருகு ஒரு சுற்று முடிக்க 638 விநாடி ஆகும். அதற்குள் மவுண்ட் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். கைடு கேமரா இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை நட்சத்திரத்தைப் பார்க்கிறது. அது இடம் மாறியிருந்தால் பிஎச்டி2 போன்ற இலவச மென்பொருள் மவுண்டைத் திருத்துகிறது. இதற்கு எதற்கு 8 மெகாபிக்சல்?

ஒரே ஒரு கணக்கு போதும். மைக்ரானில் உள்ள பிக்சல் அளவை 206-ஆல் பெருக்கி, மி.மீ.-இல் உள்ள குவியத்தூரத்தால் வகுங்கள். வானத்தில் ஒரு பிக்சல் எத்தனை ஆர்க்செகண்டைப் பார்க்கிறது என்று கிடைக்கும். நான் சொன்ன 1.2 மெகாபிக்சல் வகையைச் சேர்ந்த ஏஎஸ்ஐ120எம்எம் மினி கேமராவின் பிக்சல் 3.75 மைக்ரான், 30 மி.மீ. கைடு ஸ்கோப்பின் குவியத்தூரம் பொதுவாக 120 மி.மீ. அப்படியானால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 6.4 ஆர்க்செகண்ட். உங்கள் டிஎஸ்எல்ஆரில் இது 2-ஐ ஒட்டி வரும். ‘மூன்று மடங்கு மோசமா?’ என்று பயப்பட வேண்டாம். நட்சத்திரத்தின் வெளிச்சம் பல பிக்சல்களில் பரவி விழுவதால், அதன் மையத்தை பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நுணுக்கமாக மென்பொருள் கண்டுபிடித்துவிடும்.

கலர் கேமரா ஏன் கூடாது? ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு வண்ண வடிகட்டி உட்கார்ந்து வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மங்கலான நட்சத்திரத்தைத் தேடும் வேலைக்கு அது வீண் இழப்பு. ‘இரண்டுக்கும் ஒன்று’ என்ற பேச்சுதான் இந்தச் சந்தையில் அதிகம் பேரை ஏமாற்றுகிறது.

‘ஆஃப் ஆக்ஸிஸ் கைடர்’ என்ற ஓஏஜி-யையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது யாருக்கு என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். எட்டு அங்குல ஷ்மிட் காஸெக்ரேன் போன்ற, கண்ணாடியால் (ஆடியால்) ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கிகளில், இரவு முழுக்கத் திசை மாறும்போது உள்ளேயிருக்கும் கண்ணாடி லேசாகச் சாயும். மேலே தனியாகப் பொருத்திய கைடு ஸ்கோப்புக்கு அது தெரியாது. நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்தது என்று மென்பொருள் காட்டும் கைடிங் வரைபடம் அழகாக இருக்கும், படத்தில் நட்சத்திரம் இழுபட்டிருக்கும். அவர்களுக்குத்தான், முதன்மைத் தொலைநோக்கிக்குள் வரும் வெளிச்சத்திலிருந்தே ஒரு சிறு பட்டகத்தால் ஓரத்தைக் கிள்ளி எடுக்கும் ஓஏஜி வேண்டும். ஓரத்தில் நட்சத்திரம் கிடைப்பது அரிது என்பதால் ஏஎஸ்ஐ174எம்எம் மினி போல அகன்ற சென்சாரும் தேவைப்படும், செலவும் ஏறும். உங்களுடையது 420 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி. சாய்வதற்கு அதில் கண்ணாடியே இல்லை. கைடு ஸ்கோப்பை ஆடாமல் இறுக்கிப் பொருத்துங்கள், போதும்.

அடுத்து, எதோடு இணைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பின்னால், லேப்டாப்புக்குப் பதிலாக கேமராவையும் மவுண்டையும் இயக்கும் ஏஎஸ்ஐஏர் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால், அது தன் சொந்த நிறுவனமான இசட்டபிள்யூஓ-வின் வானியல் கேமராக்களை மட்டுமே ஏற்கும். வேறு நிறுவனத்தின் கேமரா எவ்வளவு நல்லதானாலும் அங்கே பயன்படாது. இதைச் சொல்லாமலே இரண்டையும் விற்றுவிடுகிறார்கள். லேப்டாப் என்றால் இந்தக் கவலை இல்லை. கைடு கேமராவை நேராக மவுண்டோடு இணைக்கும் எஸ்டி4 கேபிளுக்குப் பதிலாக, மவுண்டையும் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணையுங்கள். தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிந்தால், இலக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மவுண்ட் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருளுக்குப் புதிதாகப் பழக்க (கேலிபரேஷன்) வேண்டியிருக்காது.

‘ஆன்லைனில் பாதி விலை, நான் தருவித்துத் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். சுங்க வரியைக் கடைசியில் உங்கள் தலையில் போடுவார், பில் இருக்காது, பில் இல்லாவிட்டால் வாரன்டியும் இல்லை. பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பிய கருவி திரும்பி வரும்போது, அது புதிதாக வாங்கியதல்ல என்று சுங்கத்தில் நிரூபிப்பதே பெரும்பாடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வம் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம், தொலைநோக்கி உதிரிபாகம் ஒன்று உள்ளே வர இத்தனை தடை வைத்திருக்கிறோம். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. இங்கேயே பில்லோடு விற்பவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தே வாங்குங்கள்.

அப்புறம், பழியெல்லாம் பல்சக்கரத்தின் மேல் இல்லை. மவுண்டின் அச்சு வான துருவத்தை நோக்கிச் சரியாக இருக்க வேண்டும், அதற்குத் துருவ நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறோம். தர்மபுரியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 12 டிகிரிதான். மரமோ தூசியோ மறைத்தால் அச்சைத் தோராயமாக வைத்துவிட்டு ஆரம்பிக்கிறோம். நட்சத்திரம் நகரும் விதத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய உதவும், பிஎச்டி2-இல் இருக்கும் ட்ரிஃப்ட் அலைன்மென்ட் கருவிக்குத் துருவ நட்சத்திரமே தெரிய வேண்டாம். அதை ஒரு இரவு உட்கார்ந்து பழகுங்கள்.

கேமரா வந்த அன்றே மூடியைப் போட்டு டார்க் லைப்ரரி (வெளிச்சம் படாமல் எடுத்த இருட்டுப் படங்களின் தொகுப்பு) எடுத்துவிடுங்கள். சென்சாரில் எப்போதும் எரியும் பிக்சல்கள் சில இருக்கும். டார்க் இல்லாவிட்டால் மென்பொருள் அதில் ஒன்றை நட்சத்திரம் என்று பிடித்துக்கொள்ளும். அது நகரவே நகராது, வரைபடம் நேர்கோடாக ஓடும், படமோ கோடு கோடாக வரும். வரைபடம் சந்தேகப்படும்படி அழகாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.