மூலைக் கணினி ஒன்று போதாது

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு என்ன செய்து தரலாம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானோடுதான் இந்தப் பகுதியையும் எழுதுகிறேன். அதைக் கல்லூரிகளில் கற்றுக்கொடுப்பதே என் தொழில்.

எங்கள் கலைக் கல்லூரியில் இந்த ஆண்டு பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஆய்வகத்தின் மூலையில் ஒரு கணினியை அவருக்கென்று ஒதுக்கி, விலை கொடுத்து மென்பொருள் வாங்கலாம் என்கிறார் முதல்வர். எதை வாங்குவது?
– ஆய்வகப் பொறுப்பாளர், தஞ்சாவூர் மாவட்டம்

காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மாணவியைக் கூப்பிட்டு, "நீ எதில் பழகியிருக்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 'என்விடிஏ' என்று சொல்வார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான் அது. முற்றிலும் இலவசம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். 'ஜாஸ்' என்ற மற்றொன்றும் சிறந்ததுதான். 1989-இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்கு உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். மாணவி ஜாஸில் பழகியவர் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

இலவசமாகக் கிடைப்பதை ஏன் ஒரே ஒரு கணினியில் மட்டும் போட வேண்டும்? மூலைக் கணினிகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். அது கெட்டுப்போனால் பழுது பார்ப்பதற்கு யாருக்கும் அவசரம் இருக்காது. தேர்வு நேரத்தில் வேறு யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், வகுப்புத் தோழிகள் ஒரு வரிசையிலும் இந்தப் பெண் தனியாக ஒரு சுவரைப் பார்த்தும் உட்கார வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவளிடம் "இது எப்படிடி வந்தது உனக்கு?" என்று கேட்டுக் கற்பதுதான் ஆய்வகத்தில் பாதிப் படிப்பு. அது அவருக்கு மட்டும் கிடைக்காது.

ஆகவே எல்லாக் கணினியிலும் நிறுவுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து பொத்தான் அமுக்க வேண்டியதில்லை. கேள்வி எதுவும் கேட்காமல் தானே நிறுவிக்கொள்ளும் கட்டளை என்விடிஏவில் உண்டு. வலையமைப்பு வழியாக ஒரே மாலையில் முடித்துவிடலாம். நிறுவும்போது, உள்நுழைவுத் திரையிலும் பேசுவதற்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல் அடிக்கும் இடத்தில் கணினி ஊமையாக இருக்கும். அதன் பிறகு கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்தக் கணினியும் பேசும்.

பேசுவது காதில் விழ வேண்டுமே! இங்கேதான் பெரும்பாலான ஆய்வகங்கள் தோற்கின்றன. கணினிப் பெட்டியின் முன்பக்கத்தை விரலால் தடவி, ஹெட்ஃபோன் துளையைக் கண்டுபிடித்துச் செருகுவேன். சத்தம் வராது. "மென்பொருள் கோளாறு சார்" என்பார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், முன்பக்கத் துளையிலிருந்து வரும் மெல்லிய ஒயர் மதர்போர்டில் செருகப்படாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆய்வகத்தில் சத்தமே தேவையில்லை என்று நினைத்துப் பூட்டிய பெட்டிகள் அவை. சில இடங்களில் ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளே நிறுவப்பட்டிருக்காது. ஒவ்வொரு கணினியிலும் ஹெட்ஃபோனைச் செருகிச் சோதியுங்கள். மிச்சமான பணத்தில் ஒயர் உள்ள நல்ல ஹெட்ஃபோன்களும், அச்சு நூல்களைக் கணினியில் ஏற்ற ஒரு ஸ்கேனரும் வாங்குங்கள். ஹெட்ஃபோனை அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

ஐயா, நான் பார்வையற்றவன், முதுகலை படிக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் என்விடிஏ போட்டுத் தருகிறார்கள். வேகம், குரல் எல்லாம் எனக்கு ஏற்றபடி மாற்றிவைக்கிறேன். மறுநாள் போனால் மென்பொருளே இருப்பதில்லை. தினமும் கேட்க வெட்கமாக இருக்கிறது.
– மாணவர், திருநெல்வேலி

தம்பி, வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. உங்கள் ஆய்வகத்தில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் இருக்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால், பொறுப்பாளர் உறையவைத்த பழைய நிலைக்கே எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். வைரஸ் தொல்லைக்காக அதை வைத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. அந்தப் பூட்டை எடுத்துவிட்டு என்விடிஏவை நிறுவி, அதன் பிறகு மறுபடி பூட்ட வேண்டும். நிறுவியவர் இந்த ஒரு படியை விட்டுவிட்டார். இந்தப் பதிலை அப்படியே அவரிடம் படித்துக் காட்டு. அடுத்த பருவத்தில் புதிதாக எல்லாவற்றையும் நிறுவும்போது இது மறந்துபோகாமல் இருக்க, ஆய்வக மென்பொருள் பட்டியலில் என்விடிஏவை எழுத்தில் சேர்க்கச் சொல். பட்டியலில் இல்லாததை அடுத்து வரும் பொறுப்பாளர் நிறுவமாட்டார்.

அதுவரைக்கும் ஒரு வழி: என்விடிஏவை பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நிறுவாமலே அதிலிருந்து ஓடும், உன் குரலும் வேகமும் உன்னோடு வரும். உள்நுழைவுத் திரையில் மட்டும் பேசாது. பென்டிரைவ் துளைகளை அடைத்துவைத்திருந்தால், உனக்காகத் திறந்துவிடும்படி துறைத் தலைவருக்கு எழுதிக் கொடு. வாய்மொழியாகக் கேட்காதே, கடிதமாகக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு.

சி நிரலாக்கம் நடத்துகிறேன். எங்கள் ஆய்வகத்தில் டர்போ சி. முழுப் பார்வையிழந்த மாணவி ஒருவர் இருக்கிறார். திரைவாசிப்பான் அதைப் படிக்கவே இல்லை. செய்முறையிலிருந்து அவருக்கு விலக்கு அளித்து, சராசரி மதிப்பெண் போட்டுவிடலாமா? அவருக்கும் சுமை குறையும்.
– உதவிப் பேராசிரியர், சேலம்

வேண்டாம் ஐயா. உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் நிரல் எழுதத் தெரியாமல் நிரலாக்கத்தில் மதிப்பெண் வாங்கிய பெண்ணை நாளை எந்த நிறுவனம் வேலைக்கு எடுக்கும்? விலக்கு என்பது எங்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பரிசு. அதை வாங்கி வாங்கியே கைக்கு எட்டிய வேலையை இழந்தவர்கள் எங்களில் நிறையப் பேர்.

தடை அந்த மாணவியிடம் இல்லை, டர்போ சியில் இருக்கிறது. அது விண்டோஸுக்கு முந்தைய 'டாஸ்' காலத்து மென்பொருள். இன்றைய விண்டோஸில் அதை டாஸ்பாக்ஸ் என்ற உறைக்குள் வைத்து ஓட்டுகிறோம். அந்த நீலத் திரை கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பானுக்கு வெறும் படம்தான். எடுத்துப் படிக்க அங்கே எழுத்தே கிடையாது. ஜாஸ் முதலில் டாஸுக்காகவே எழுதப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்கள் டாஸில் நன்றாகவே வேலை செய்தார்கள். இன்று இடையில் இருக்கும் உறைதான் தடை.

டர்போ சிக்குப் பதிலாக, சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பானை நிறுவுங்கள், இலவசம். எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும், திரைவாசிப்பானோடு நன்றாக ஒத்துழைக்கும். நோட்பேடில் எழுதிக் கட்டளைச் சாளரத்தில் ஓட்டினாலும் சரிதான். பயிற்சி ஏட்டில் உள்ள நிரல்களில் கோனியோ தலைப்புக் கோப்பையும், திரையைத் துடைப்பது போன்ற அதன் கட்டளைகளையும் எடுத்துவிட்டால் பெரும்பாலானவை அப்படியே ஓடும். இந்த மாற்றம் வகுப்பு முழுவதற்கும் நல்லது. டர்போ சியைக் கேட்கும் வேலை எதுவும் இன்று வெளியே இல்லை.

அடுத்தது ஒரு சின்ன விஷயம், ஆனால் இது தெரியாமல் மாணவிகள் அழுததைப் பார்த்திருக்கிறேன். என்விடிஏ வழக்கமான அமைப்பில் அரைப்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றைச் சொல்லாமல் தாண்டிப் போகும். கதை படிக்க அது வசதி. சி நிரலுக்கு அது விஷம். ஏழாம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால், அந்தப் பெண் வரியைப் பத்து முறை கேட்டாலும் சரியான வரி போலவே காதில் விழும். இன்ஸர்ட் விசையோடு பி எழுத்தை அழுத்தி, நிறுத்தக்குறி அளவை 'அனைத்தும்' என்று வரும்வரை மாற்றச் சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு குறியும் பெயரோடு ஒலிக்கும். பிழை எந்த வரியில் என்று ஜிசிசி எண் சொல்லும். கண்ட்ரோலும் ஜியும் அழுத்தி அந்த எண்ணை அடித்தால், விஷுவல் ஸ்டுடியோ கோட் அவரை நேராக அந்த வரியில் கொண்டுபோய் நிறுத்தும்.

பைத்தான் என்ற நிரல்மொழியை நடத்தும்போது வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் இலக்கணம். அதற்கும் வழி இருக்கிறது. என்விடிஏவின் ஆவண வடிவமைப்பு அமைப்பில் இந்த இடைவெளியை அறிவிக்கும் விருப்பத்தை இயக்கினால், எத்தனை இடைவெளி என்பதைச் சொல்லாகவோ, உயர்ந்து தாழும் ஒலியாகவோ கேட்கலாம். ஒலியாக வைத்துக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருள்கள் பேச மறுத்தால், ஜாவா அணுகல் பாலம் என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.

கரும்பலகையில் எழுதும்போது வாயாலும் சொல்லுங்கள். "இதை இங்கே போட்டு, அதை அங்கே மாற்று" என்று சொல்லிக்கொண்டு எழுதும் ஆசிரியர்களின் வகுப்பில் நான் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குப் பாழ்.

தமிழ்த் துறையில் இருக்கிறேன். என் பாடக் குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பாகக் கொடுத்தேன். 'கணினி உளறுகிறது ஐயா' என்கிறான் மாணவன். ஆங்கிலக் கோப்பை மட்டும் சரியாகப் படிக்கிறதாம். தமிழ் படிக்கும் திரைவாசிப்பான் இல்லையா?
– பேராசிரியர், புதுக்கோட்டை

தமிழ் நன்றாகவே படிக்கும் ஐயா. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு, விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. உங்கள் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அதில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால், கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துருதான் அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. உருவத்தைப் பார்க்க முடியாத மாணவன் காதில் விழுவது அந்த ஆங்கிலக் குவியல்.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் பழைய குறிப்புகளை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள், தமிழ் 99 விசைப்பலகை பழகினால் கை வேகமாகப் போகும். நூலிலிருந்து ஸ்கேன் செய்த பக்கங்கள் என்றால் அவை படம். கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் பழைய அச்சில் பிழைகள் வரும், ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். செய்யுள் பகுதிகளைக் கட்டாயம் திருத்துங்கள். ஓரெழுத்து பிசகினாலும் அவன் தவறாகவே மனப்பாடம் செய்துவிடுவான்.

என் மகனுக்குப் பார்வைக் குறைபாடு. பல்கலைக்கழகத் தேர்வைக் கணினியில் எழுத விரும்புகிறான். 'அதெல்லாம் வழக்கமில்லை, சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். சட்டத்தில் இடம் உண்டா?
– ஒரு தாய், கடலூர்

உண்டு அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தரும்படி கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு எழுத்துத் தேர்வுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு பிரெய்ல், பெரிய எழுத்து, கணினி என்று எந்த முறையில் எழுதுவது என்பதைத் தேர்ந்துகொள்ள இயன்றவரை இடம் தரச் சொல்லியிருந்தது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. கணினியில் எழுதுபவர் முதல்நாளே போய் அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. இந்தக் கடைசி உரிமையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை. உங்கள் மகன் கட்டாயம் போகட்டும். ஹெட்ஃபோன் வேலை செய்கிறதா, குரல் அவனுக்குப் பழகியதா, விடையைச் சேமிக்கும் இடம் எது என்பதையெல்லாம் அன்றே பார்த்துவிட வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு இப்போதே, மருத்துவச் சான்று நகலோடு எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் ஒரு பெட்டி குதித்து வருகிறது. மாணவர்கள் விளையாட்டாகத் தட்டித் தொல்லை தருகிறார்கள். எல்லாக் கணினியிலும் அதை முடக்கிவிடலாமா?
– ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்

முடக்காதீர்கள். அது ஒட்டும் விசை வசதி. ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் எப்படிச் சேர்த்து அழுத்துவார்? இந்த வசதி இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். கை நடுங்குபவருக்கும் இது உதவும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் வரும் உருப்பெருக்கியையும் இதேபோல் விட்டுவையுங்கள். தங்களுக்குப் பார்வை மங்கல் என்று யாரிடமும் சொல்லாமல், திரையில் மூக்கு உரச உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் உங்கள் ஆய்வகத்திலும் இருப்பார்கள். இந்த இரண்டு விசைச் சேர்க்கைகளையும், என்விடிஏவைத் தொடங்கும் மூன்று விசைகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கதவருகே ஒட்டுங்கள். பருவத்தின் முதல் வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.